மேரி அக்காவின் ஜெபம்

குரோம்பேட்டைக் கடையொன்றில் இன்று புதுக் கோரைப்பாயின் வாசனை அடித்ததும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் போதகரும் நாங்களும் ஒரே பாயில் உட்கார்ந்து, யாருக்கு வார்த்தை வந்ததோ அவரே ஜெபித்த எங்கள் பழைய சின்னச் சபை நினைவுக்கு வந்தது. கூடவே இன்னும் ஆறாத கோபமும்.

அந்த ஷெட்டை இடித்துப் பெரிய ஆலயம் கட்டிய பிறகு புதுப் போதகர் வந்தார். தையல் கம்பெனியில் வேலை செய்த மேரி அக்கா, ஒரு ஞாயிறு ஆராதனையில் வழக்கம்போல எழுந்து நோயாளிகளுக்காக ஜெபிக்கத் தொடங்கியதும், போதகர் மைக்கிலேயே தடுத்தார்.

“சிஸ்டர், உக்காருங்க. இங்க ஜெபம் பண்றது எங்க வேலை.”

“நான் உங்ககிட்ட பேசலையே ஐயா,” என்று சொல்லிவிட்டு அக்கா ஜெபத்தைத் தொடர்ந்தார்.

போதகர் கீபோர்டைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அக்காவின் குரல் அதில் மூழ்கிப்போனது. ஆனால் உதடுகள் நிற்கவில்லை. அவை ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்த அப்பா, எழுந்து நின்று உரக்க “ஆமென்” சொன்னார்.