என் பெரியவருக்கு அவள் பிடித்த சீட்

போன திங்கட்கிழமை என் துண்டுகள் இரண்டும் மன்னார்குடிக்குப் போய்விட்டன. நான் போகவில்லை.

காரணம்? பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. அதுவும் ஒரு நர்ஸ் பெண் மேல்!

கீழ்வேளூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. சம்பா நட்டதிலிருந்து திங்கள்தோறும் தஞ்சாவூரிலிருந்து போய் வருகிறேன். திங்கள் காலை நாகப்பட்டினம் பஸ்ஸில் சீட் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு விழுந்த சீட் நமக்கு. வேறு எவரும் உட்கார மாட்டார்கள். எங்கள் ஊர்ச் சட்டம் அது.

இந்த வித்தையில் நான் கில்லாடி. கொஞ்ச நாள் முன்பு, கைத்தடியோடு ஒரு பெரியவர் கூட்டத்தில் ஏற முடியாமல் ஒதுங்கி நின்றார். ஆரோக்கியசாமி என்று பெயர். டெய்லராக இருந்தவர். நாகப்பட்டினத்தில் தனியாக இருக்கும் தங்கையைப் பார்க்க வாராவாரம் போகிறவர். என் சீட்டை அவருக்குக் கொடுத்தேன்.

"நல்லா இருங்க தம்பி" என்றார்.

தம்பி! தலை முழுக்க நரைத்த பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? அடுத்த வாரத்திலிருந்து அவருக்கும் சேர்த்து இரண்டு துண்டு கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டில் நுழைந்ததும் அவர் கண் என்னைத் தேடும். ரிட்டயரான பிறகு என்னை யாராவது அப்படித் தேடியிருக்கிறார்களா? வீட்டில் டிவி ரிமோட்டைத்தான் தேடுகிறார்கள்.

துண்டுகள் மன்னார்குடி போனதற்கு முந்தின வாரம்தான் வினை வந்தது. டீ குடித்துவிட்டு வரக் கொஞ்சம் தாமதம். பஸ்ஸில் ஏறினால்... என் பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்! பக்கத்தில் ஓர் இளம்பெண்.

"இந்தப் பாப்பா திருவாரூர்ல நர்ஸா இருக்குது தம்பி. துப்பட்டாவப் போட்டு எனக்கு சீட் புடிச்சுக் குடுத்துச்சு. தங்கமான பொண்ணு."

அப்படியானால் நான் என்ன, பித்தளையா?

வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கிறாள். தாத்தா, தாத்தா என்கிறாள். அவர் சிரிக்கிறார். என்னிடம் அப்படி ஒரு நாளும் சிரித்ததில்லை.

யார் உதவினால் என்ன, பெரியவருக்கு சீட் கிடைத்ததே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் நீங்கள் தினமும் சோறு வைக்கும் காக்கை, எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டால்... வலிக்குமா, வலிக்காதா? நாம் உதவி செய்வதாக நினைக்கிறோம். சத்தமில்லாமல் அந்த ஆளுக்கே பட்டா போட்டுக்கொள்கிறோம்.

எனவே போன திங்கட்கிழமை சீக்கிரமே போய்விட்டேன். முதல் பஸ் திரும்பியதும் ஓடினேன். இரண்டு துண்டும் ஒரே வீச்சில் உள்ளே! வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தால், "மன்னார்குடி ஏறு, மன்னார்குடி..." என்கிறார் கண்டக்டர். பொறாமையில் ஓடுகிறவன் போர்டையா பார்ப்பான்? கூட்டத்தை விலக்கிக் கதவை எட்டுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்து வந்தது நாகப்பட்டினம் பஸ். போட என்னிடம் ஒன்றுமில்லை. முண்டியடித்து ஏறினேன். பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் அந்தப் பெண்ணின் சாப்பாட்டுப் பை; அவள் அருகில் நின்றிருந்தாள். ஆளெல்லாம் நிற்க, பைக்கு ஒரு சீட்டா என்று பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள். "உக்காருங்க தாத்தா. உங்களுக்குத்தான் புடிச்சு வச்சேன்."

யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் தாத்தா யாரும் இல்லை.

"போன வாரம் கம்பியப் புடிச்சுக்கிட்டு எங்களையே பாத்துக்கிட்டு வந்தீங்களா... பாவம், கால் வலி போலன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் நின்னுக்கிறேங்க, திருவாரூர்ல எறங்கிடுவேன்."

ஆரோக்கியசாமி நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க தம்பி. நம்ம வயசுக்கு இதுல என்ன கூச்சம்?"

நம்ம வயசாம்!

உட்கார்ந்தேன். முழங்கால் உடனே அவளுக்கு நன்றி சொல்லிவிட்டது. வாய் சொல்லத்தான் திருவாரூர் வரை ஆனது.