சார்ஜ் தீர்ந்தா எங்க நிக்கும்?

"முதல்ல போட்டதா, இப்ப போட்டதா?" என்று கேட்கிறார் கண்ணாடிக்காரர். எதிர் நாற்காலியில், மூக்கின்மேல் கனத்த சோதனைச் சட்டத்தைச் சுமந்துகொண்டு ஓர் அம்மாள் விழிக்கிறார். "இன்னொரு தடவ போடுங்க" என்கிறார். கண்ணாடிக்காரர் ஒரு வில்லையை உருவி இன்னொன்றைச் செருகுகிறார், பிறகு பழையதையே திரும்பச் செருகுகிறார். "அவசரமே இல்லம்மா. இதுல தப்பான பதில்னு ஒண்ணு கிடையாது. எது தெளிவா இருக்கோ அதைச் சொன்னாப் போதும்." தாலாட்டுகிற குரல் அவருக்கு. இருட்டறையில் அதைக் கேட்டபடி தூங்கிப்போனவர்கள்கூட உண்டு.

தூரப்பார்வைச் சோதனை முடிந்து கிட்டப்பார்வைச் சோதனைக்கு வரும்போதுதான் காரியம் கோணலாகிறது. மற்ற கடைகளில் படித்துப் பார்க்க ஓர் அட்டை தருவார்கள். பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும். இவர் இப்போதெல்லாம் தருவது ஒரு வழவழப்பான விளம்பரத்தாள். நீலத் தண்ணீருக்கு அடியில் ஆமை மாதிரி ஒரு மெஷின் ஊர்ந்துகொண்டிருக்கும் படம். அந்த அம்மாளும் கடமையாகப் படிக்கிறார். "வீட்டு நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்ய... கார்ட்லெஸ் ரோபோ..."

"தெரியுதுல்ல?"

"நல்லாத் தெரியுது."

"அப்ப நீங்களே சொல்லுங்க. இதை வாங்கலாமா, இல்ல அதை வாங்கலாமா?" என்று இன்னொரு தாளை நீட்டுகிறார்.

கண்ணைப் பரிசோதிக்க வந்தவர்கள், எந்த மெஷின் குளத்துச் சுவரேறும், எது ஏறாது என்ற கவலையோடு வீடு திரும்புகிறார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் சக்கரம் வைத்ததைவிட ரப்பர் பட்டையில் ஊர்கிறதுதான் வழுக்காது என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் பட்டை அறுந்துபோகும் என்றார். கண்ணாடிக்காரர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். இரண்டுமே சரியாகத்தான் பட்டது அவருக்கு.

கடைத்தெருவில் அவருக்கு 'இதுவா அதுவா' என்று பட்டப்பெயர். மற்றவர்களுக்குக் கண்ணாடிச் சட்டம் எடுத்துக்கொடுப்பதில் கெட்டிக்காரர். உள்ளே நுழைகிற முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கை தானாக ஒரு தட்டுக்குப் போகும், எடுத்து மாட்டிவிட்டால் பொருந்தியிருக்கும். தன் விஷயம் என்று வந்தால்தான் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். சுவர் முழுக்கச் சட்டங்கள் தொங்குகிற கடையில் உட்கார்ந்துகொண்டு, கீல் உடைந்து பசை போட்டு ஒட்டிய ஒரு பழைய கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். புதுசு மாற்றலாம்தான், ஆனால் எதை?

அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் சட்டென்று முடித்த ஒரே காரியம், பின்னால் நீச்சல் குளம் இருக்கிற இந்த வீட்டை வாங்கியது. "அதுவும் நான் எடுத்த முடிவு இல்ல. இவ அந்தத் தண்ணியப் பாத்தா. நான் இவ மூஞ்சியப் பாத்தேன். அவ்வளவுதான்" என்பார். மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மீனுக்குக் கைகால் முளைத்த மாதிரி நீந்துவார். கண்ணாடிக்காரருக்கோ தண்ணீர் டம்ளரில் இருக்கும் வரைக்கும்தான் சினேகம். நீச்சல் தெரியாது. கற்றுக்கொள்ளவும் பயம். ஆழமில்லாத பக்கத்துப் படியில் காலை நனைத்ததுகூட இல்லை.

ஆனால் மனைவி குளத்தில் இருக்கும்போது அவர் வீட்டுக்குள் இருந்ததும் இல்லை. நுனியில் பிரஷ் மாட்டிய நீளக் கழி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைத் தேய்க்கிற பாவனையில் கூடவே ஓரமாக நடப்பார். டீச்சர் அந்தக் கோடிக்குப் போனால் அந்தக் கோடிக்கு, இந்தக் கோடிக்கு வந்தால் இந்தக் கோடிக்கு. தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கழி எதற்கென்று டீச்சருக்குத் தெரியும். தெரிந்ததாக ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் டீச்சருக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. புண் ஆறிவிட்டது. இனித் தினமும் தண்ணீரில் நின்று கையை வீசிப் பழக வேண்டும், விட்டால் தோள் இறுகிவிடும், இறுகினால் மறுபடி கத்திதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கும் முன்னால், குனிந்து தேய்த்ததில் கண்ணாடிக்காரரின் இடுப்பு பிடித்துக்கொண்டது. கழியைத் தொடக்கூடாது என்று அவருக்கும் உத்தரவு. சுத்தம் செய்ய ஒருவரைச் சொல்லி வைத்தார்கள். இதோ வருகிறேன் என்றவர் வந்தபாடில்லை. மருந்து கொட்டித் தண்ணீரைத் தேற்றிவிட்டாலும் அடியில் மண் படிந்து கிடந்தது. காலை வைத்தால் புகை மாதிரி கிளம்பி மேலே வந்தது. அதில் எப்படி இறங்குவது?

டீச்சரின் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. காலையில் தலைவாரி விடுவது கண்ணாடிக்காரர்தான். வகிடெடுக்கும்போது, "இங்கயா, அங்கயா?" என்று கேட்பார். "ஏங்க, எங்கயாவது எடுங்க. ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்பார் டீச்சர். ஒருநாள் சீப்பை வாங்கித் தானே உயர்த்திப் பார்த்தார். காதுவரை போன கை அங்கேயே நின்றது. சீப்பை மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குத்தான் கண்ணாடிக்காரர் கடைக்குப் போகிற வழியிலேயே மெஷின் விற்கிற இடத்தில் ஏறி, இருந்த தாள்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்.

வந்ததிலிருந்து குழப்பம்தான். முதலில் அந்தக் கார்ட்லெஸ் என்ற வார்த்தை. வயர் இல்லையென்றால் செல்போனில் பேசுகிற மாதிரி, கரையிலிருந்தே 'அங்கே போ, இங்கே வா' என்று சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார். விற்கிற பெண் போனில் சிரித்தாள். "இல்ல சார், தண்ணிக்குள்ள போயிட்டா நம்ம போன் பேச்சை அது கேக்காது. அதுபாட்டுக்குச் சுத்தும். உள்ள பேட்டரி இருக்கு, அதான் கார்ட்லெஸ்."

"சரிம்மா. சார்ஜ் தீர்ந்தா எங்க நிக்கும்?"

"தீர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிரும் சார்."

"முடியலைன்னா?"

"சுவரேறி மேல ஓரத்துக்கு வந்து நிக்கும் சார். நீங்க கையால எடுத்துக்கலாம்."

"வரலைன்னா?"

அந்தப் பெண் அவரை வேறு மெஷினுக்குத் திருப்பினாள். வயர் வைத்தது. பேட்டரிக் கவலை இல்லை. நடுவில் நின்றால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். மச்சானும் தொலைபேசியில் அதையேதான் அடித்துச் சொன்னார்: "வயரு இருந்தா மாட்டுக்குக் கயிறு கட்டின மாதிரி, மாமா. எங்கயும் போகாது." கண்ணாடிக்காரர் அன்று முழுக்க வயர்க் கட்சியில் இருந்தார். சாயங்காலம் குளத்தங்கரையில் நின்று பார்த்தபோது, தண்ணீருக்குள் ஒரு வயர் கிடக்க, பக்கத்தில் டீச்சர் இறங்குவதாக மனசில் ஒரு படம் ஓடியது. கம்மி வோல்ட்தான், ஒன்றும் ஆகாது, குளிக்கும்போது வெளியே எடுத்து வைத்துவிடலாம் என்றெல்லாம் அந்தப் பெண் எடுத்துச் சொன்னாள். "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்க யாரும் தண்ணிக்குள்ள இறங்கப்போறதில்லையேம்மா" என்று போனை வைத்துவிட்டார். மறுநாள் கார்ட்லெஸ் கட்சி. அதற்கடுத்த நாள், எந்தக் கட்சியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோய்க் கடையில் வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் போட்டு உடைத்தது எதிர்க்கடைத் தையல்காரம்மா. புதுக் கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்தவர், தாளில் பெரிய எழுத்தெல்லாம் தாண்டி, அடியில் எறும்பு வரிசையாக இருந்ததையும் படித்துவிட்டார். "'ஏணி முதலிய தடைகள் இருந்தால் மெஷின் அடியிலேயே நின்றுவிடக்கூடும். அப்போது கொக்கியால் எடுக்கவும்'னு போட்டிருக்கு அண்ணா. கண்ணாடி ரொம்ப நல்லா இருக்கு."

கண்ணாடிக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. ஆழமான பக்கத்தில்தான் ஏணி இருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் டீச்சரிடம் அதைப் படித்துக் காட்டினார். "நின்னா நிக்கட்டுமே. நான் முங்கி எடுத்துட்டு வரேன்" என்றார் டீச்சர்.

"அதுக்குத்தான் நான் பயப்படுறேன். அந்தக் கையை வச்சுக்கிட்டு நீ அடியில போயி, அது உன்னைப் பிடிச்சு... நான் மேல நின்னு என்ன பண்ணுவேன்? எனக்கு என்ன தெரியும்?" சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டுப் போனார். இத்தனை நாள் பேட்டரி, பட்டை, சுவர் என்று சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்கத்தான் போலிருக்கிறது.

டீச்சர் வயர் மெஷின் தாளையும் கார்ட்லெஸ் தாளையும் எடுத்து அவர் கண்ணுக்கு நேரே மாற்றி மாற்றிப் பிடித்தார். "முதல்ல போட்டதா, இப்ப போட்டதா?"

"இன்னொரு தடவ காட்டு" என்றார் கண்ணாடிக்காரர்.

"தோளு இறுகினதுக்கப்புறம் எதை வாங்கி என்ன பண்றது? அவசரம் இருக்குங்க. ஆனா தப்பான பதில் கிடையாது. சொல்லுங்க."

"ரெண்டாவது" என்றார். சொன்ன பிறகுதான் அது கார்ட்லெஸ் என்று பார்த்தார்.

மெஷின் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. டீச்சர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்காரர் கொல்லையில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து, மெஷினின் கைப்பிடியில் இழுத்து முடிச்சுப் போட்டார். மெஷினை இறக்கிக் காட்ட வந்திருந்த அதே விற்பனைப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சார்... இது கார்ட்லெஸ் சார்."

"தெரியும்மா. அதான் கட்டுறேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மெஷின் தண்ணீருக்குள் இறங்கி ஊர ஆரம்பித்தது. மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்காரரும் ஓரமாக ஊர ஆரம்பித்தார். அடியில் மண் கோடு கோடாக மறைந்து, வெள்ளைத் தரை தெரியத் தொடங்கியது. அவர் வாய்விட்டு, "பலே" என்றார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அது ஏணியை இரண்டு தடவை சுற்றி வரும்வரை.

அப்புறம் கயிறு ஏணியில் சுற்றிக்கொண்டது, இழுத்தும் வரவில்லை. சார்ஜ் தீரும் தறுவாயில் மெஷின் சொன்ன சொல் தவறாமல் சுவரேறி மேலே வரத்தான் பார்த்தது. கயிறு விடவில்லை. பாதிச் சுவரில் தொங்கி, முக்கி, சறுக்கி, ஆழத்தில் போய் உட்கார்ந்தது. அதன் விளக்கு அணைந்தது. கண்ணாடிக்காரர் இடுப்பை மறந்து கழியில் கொக்கியை மாட்டிக்கொண்டு துழாவினார். கைப்பிடி இருக்கிற இடத்துக்குக் குறி வைத்தால் கொக்கி அதற்கு மேலாகவே போய் வெறும் தண்ணீரைப் பிடித்தது. தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும், அதுவும் ஒரு வில்லைதான் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். தெரிந்து என்ன? கண் சொன்னதைத்தான் கை கேட்டது.

"ஏங்க, என்ன மீன் பிடிக்கிறீங்களா?" என்றபடி டீச்சர் நீச்சல் உடையில் வந்து நின்றார். தெளிந்த தண்ணீரைப் பார்த்தார். அடியில் கிடக்கும் மெஷினைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்ததும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "கயிறே வேணாம்னு ஒண்ணை வாங்கி, அதுக்குக் கயிறு கட்டின ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

"நிக்கக்கூடாதுன்னுதான் கட்டினேன். கட்டினதாலதான் நின்னுருச்சு போலிருக்கு" என்றார் கண்ணாடிக்காரர். முகம் தொங்கிப்போயிருந்தது. "ஒண்ணுமே புரியல எனக்கு."

டீச்சர் முங்கவில்லை. ஏணியில் இரண்டு படி இறங்கி நின்று, நல்ல கையால் கயிற்றின் சுற்றை விடுவித்தார். கண்ணாடிக்காரர் இழுக்க, மெஷின் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறியது. அவர் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டப் போனார்.

டீச்சர் கயிற்றின் நுனியை அவரிடமிருந்து வாங்கி, தன் இடது மணிக்கட்டில் தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கண்ணாடிக்காரர் கழியைக் கீழே போட்டார். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தபடி, ஓரமாகக் கூடவே நடக்க ஆரம்பித்தார்.