வளைவில் தூங்கிய நாட்கள்

மத்தியானம் பன்னிரண்டே முக்கால் வேனில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். வீட்டில் பாய் விரித்துப் படுத்தால் வராது. கல்லூரியில் மதிய வகுப்பைக்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடுவேன். அந்த வேனின் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் மட்டும், திருவரங்குளம் தாண்டி இரண்டு நிமிடம் ஆகுமுன்னே கண் தானாகச் சொக்கும். வெயில் முகத்தில் விழும், விலகும், மறுபடி விழும். தைலமரக் காட்டின் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி ஓடுவதை மூடிய இமைக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு. அப்புறம் எதுவும் தெரியாது.

தூங்குவதற்காக என்னை அந்த வண்டியில் ஏற்றவில்லை என்பதுதான் சிக்கல்.

சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் முடிந்த கோடை அது. கூடப் படித்தவர்கள் சென்னை, கோயம்புத்தூர் என்று இன்டர்ன்ஷிப்புக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது புதுக்கோட்டையில், நகரத்துப் பகிர்வு வேன் திட்டத்தில், ஆறு வாரம். டவுன் பஸ் போகாத, போனாலும் நேரத்துக்குப் போகாத ஓரங்களுக்குச் சின்ன வேன்களைச் சோதனையாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோ மாதிரிதான், ஆனால் நேரமும் வழியும் நிச்சயம். எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டையில் பக்கத்து வீட்டு அத்தை, "அங்க என்ன வேலைடி ஒனக்கு?" என்று கேட்டபோது, "டிரான்ஸ்போர்ட் பிளானிங்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் என் வேலை, வேனில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று தாளில் எழுதுவது.

திருவரங்குளத்திலிருந்து டவுனுக்கு வரும் வழியில் ஒரு வளைவு உண்டு. வேன் மெயின் ரோட்டை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கும். முந்திரிக் காட்டுக்குள் நுழைந்து, கண்மாய்க் கரையில் ஏறி, நாற்பது வீடுகூட இல்லாத ஒரு குடியிருப்பைத் தொட்டு, மறுபடி மெயின் ரோட்டுக்கே வந்து சேரும். பத்து நிமிடச் சுற்று. அந்தப் பத்து நிமிடத்தை வேன் தாலாட்டிக்கொண்டே கடக்கும். பாதையில் பள்ளம் அப்படி. ஜன்னல் வழியாக முந்திரிப் பழம் அழுகிப் புளித்த வாசனை வரும். உள்ளே யாராவது பலாப்பழம் வைத்திருந்தால் அந்த வாசனையும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல் முழித்திருப்பது மனிதப் பிறவியால் ஆகாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

போதாததற்கு மடி வேறு. நம் பக்கத்து வண்டிகளில் உட்கார்ந்திருப்பவரின் மடி பொதுச் சொத்து. நிற்பவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள். பையை வைப்பார்கள், பாத்திரத்தை வைப்பார்கள், பிள்ளையைக்கூட வைப்பார்கள். என் தாள் அட்டை எப்போதும் யாருடைய பைக்காவது அடியில் இருக்கும். தினமும் வளைவில் ஏறும் ஒரு அக்கா தன் சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டு, "பிடிச்சுக்க பாப்பா, கொழம்பு இருக்கு" என்பார். கூடையின் அடிச்சூடு தொடையில் இறங்கும். அது ஒரு தனிச் சுகம்.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. இரண்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை டூட்டி. இரவில் திரும்பும்போது கடை அடைத்து வரும் தம்பி வண்டியில் கூட்டிவந்துவிடுவாராம். மத்தியானம் போவதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது. "இந்த வேனு வந்த பெறகுதான் வேலைக்கே சேந்தேன். இல்லாட்டி இந்த வெயில்ல எவ நடப்பா?" என்று முதல் வாரமே சொன்னார். அதைச் சொல்லும்போது வேனின் கம்பியை, சொந்த வண்டி மாதிரி, ஒரு தட்டு தட்டினார்.

இரண்டாவது வாரம்தான் தூக்கம் என்னைப் பிடித்தது. ஆறு நாளில் நான்கு நாள், வளைவு தொடங்கும்போது கண் மூடியவள் டவுன் எல்லையில்தான் விழித்தேன். வேடிக்கை என்னவென்றால், தூக்கத்திலும் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். கனவில் வேன் நிற்கும், முந்திரி மரங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து உள்ளே ஏறும். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவேன். கண்மாய்த் தண்ணீர் ஏறி, கம்பியைப் பிடித்து நிற்கும். ஒரு கொக்கு ஏறாமல் படியில் நின்று யோசிக்கும். ஏறினதாக எழுதுவதா, இறங்கினதாக எழுதுவதா என்று நானும் யோசிப்பேன். விழித்துப் பார்த்தால் தாளில் ஒரு கோடுகூட இருக்காது.

ஒரு நாள் பாதி விழிப்பில் அந்த அக்காவின் குரல் கேட்டது. "ஆரன் அடிக்காதீங்கண்ணே, பாப்பா தூங்குது." டிரைவர் அண்ணன், "அது வேலையே ஆளு எண்ணுறதுதானம்மா" என்றார். "எண்ணும் எண்ணும். பச்சப் புள்ள, காலையில எத்தன மணிக்குக் கெளம்புச்சோ. நீங்க மெதுவாப் போங்க." யாரோ என் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். முகத்தில் நிழல் விழுந்தது. எனக்கு ஆனந்தமாக இருந்தது. கண்ணைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தும் திறக்கவில்லை. அந்த வேன் முழுவதும் சேர்ந்து என்னைத் தூங்கவைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தாள்களை ஆபீஸில் கொடுத்தேன். தூங்கிய நான்கு நாளும் வளைவுக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றும் அண்ணன் தாளைத் தூக்கிக் காட்டி, "இதெல்லாம் என்னம்மா, சைபரா?" என்று கேட்டார். எங்கள் மேடம், திட்டத்துக்குப் பொறுப்பானவர், அப்போது பின்னால் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையாட்டினேன். அவ்வளவுதான். வாயால் ஒரு பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர்கள் என்னை ஆபீஸிலேயே உட்காரவைத்தார்கள், வரைபடம் வரைய. எண்களைப் பார்த்து மேடம் ஒவ்வொரு வழியாகச் சொல்லச் சொல்ல நான் திரையில் திருத்தினேன். எங்கள் வழி வந்தபோது, "இந்த வளைவுல ஆறு நாள்ல நாலு நாளு ஆளே இல்லையே. நேரா இழுத்துரு" என்றார். என் கையாலேயே, மவுஸை ஒரு சொடுக்கு சொடுக்கி, நேராக இழுத்தேன். கோடு அழகாகத்தான் இருந்தது. அடுத்த வழியைத் திறந்தேன். மறு திங்கட்கிழமையிலிருந்து வேன் வளைவுக்குள் போவது நின்றது.

மறுபடி நான் வேனில் ஏறியது அதற்கும் பத்து நாள் கழித்து. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. செம்மண் பாதை மெயின் ரோட்டில் வந்து சேரும் இடத்தில் அந்த அக்கா குடையோடு நின்று கைகாட்டினார். செருப்பெல்லாம் செம்மண், ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏறியதும் கம்பியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா பாப்பா, எங்க ஆளையே காணோம்? பாரேன், உள்ள வண்டி வர்றதில்ல. ஆளே ஏறலன்னு எழுதிட்டாங்களாம். எந்தக் கபோதி எழுதுனானோ தெரியல. வீட்டுல வேலைய முடிச்சுட்டு நடந்து வர்றதுக்குள்ள இந்த வண்டியும் போயிருது. மூணு நாளு லேட்டு. இன்னொரு தடவ லேட்டுன்னா வராதேன்னுட்டாக."

அந்தக் கபோதி நான்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு அது சுட்டது.

அன்றே ஆபீஸுக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். சர்டிபிகேட் போனால் போகட்டும் என்று தைரியமாகச் சொன்னதாக எழுத ஆசைதான். உண்மையில் மூக்கு ஒழுக அழுதுகொண்டே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன நாளு தூங்குன?"

"நாலு நாளு மேடம்."

"அந்த ரூட்ல நானும் தூங்கியிருக்கேன். தூங்குனது தப்பில்ல. தலையாட்டுன பாரு, அதுதான் தப்பு."

பிறகு யாருக்கோ போன் செய்தார். அடுத்த வாரம் மூன்று நாள் வேன் வளைவுக்குள் போகும், நான் திரும்ப எண்ண வேண்டும், ஒவ்வொரு நாளும் நான்கு பேராவது ஏறினால் வளைவு இருக்கும், இல்லாவிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தடவை தாளில் ஒரு கட்டம் கூடியிருந்தது: பயண நோக்கம். வேலை, படிப்பு, மருத்துவம், கடை, கோயில், மற்றவை. சும்மா ஆள் சேர்த்து ஏற்றிவிடுவார்கள் என்று மேலே உள்ளவர்களுக்குச் சந்தேகமாம்; மற்றவையில் விழுபவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள்.

மறுநாள் வேனில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "அடிப் பாவி மகளே" என்றார். அதில் கோபம் எவ்வளவு, சிரிப்பு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. "எழுப்பியிருக்கலாம்ல நாங்களும்."

"நாலு பேரு ஏறணுங்க்கா. முன்னாடி ஏறுனவங்கள்லாம் வருவாங்கள்ல?"

"எங்கிட்டு வர? தையல் கிளாஸுக்குப் போன புள்ள திருச்சில ஹாஸ்டல்ல சேந்துருச்சு. பூக்காரரு மகன் பைக்குல போறாரு. அந்த ரெண்டு காலேஜ் புள்ளைகளும் இப்ப காலையிலயே போயிருதுக. யாரு காத்துக்கெடப்பா? மிச்சம் நான் ஒருத்திதான்."

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வளைவில் ஐந்தாறு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கியதில் அவர்கள் இல்லாமல் போனார்கள். இப்போது நிஜமாகவே இல்லாமல் போய்விட்டார்கள். நான் தலையாட்டி ஒப்புக்கொண்ட சைபர் மெதுவாக உண்மையாகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்குமுன் அக்கா படியில் நின்று திரும்பினார்.

"நாலு பேரு, மூணு நாளு. அப்படித்தானே?"

தலையாட்டக் கூடாது என்று நினைவு வந்தது. "ஆமாங்க்கா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

வளைவு நிலைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் வேன் அந்தச் செம்மண்ணில் இறங்கித்தான் போகிறது. அந்த மூன்று நாளில் எனக்கு மறக்காதது முதல் நாள். வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. முந்திரிக் காட்டில் இலை அசையவில்லை. வேன் கண்மாய்க் கரையில் ஏறியபோது தூரத்தில் தண்ணீர்த் தொட்டி அருகே சிலர் நிற்பது கானல் நீரில் ஆடி ஆடித் தெரிந்தது. மறுபடி கனவுதானோ என்று கையைக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. நான்கு பேர் நின்றார்கள். அக்கா, அவருடைய நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு அண்ணன். அக்கா டூட்டிக்குப் போகும் பழைய சேலையில் இருந்தார். மற்ற மூவரும் விசேஷத்துக்குப் போகிறவர்கள் போலக் கிளம்பியிருந்தார்கள். அண்ணனின் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையவில்லை, சென்ட் வேறு. ஏறி உட்கார்ந்து, எண்ணுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று நால்வரும் என் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள்.

நான்கு என்று எழுதினேன். அடுத்த கட்டத்தைக் கேட்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் குரலில், "எதுக்காகப் போறீங்க?" என்று நாத்தனாரிடம் கேட்டேன்.

அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "பஸ்ஸாண்டுல ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த வண்டில திரும்பிருவோம்" என்று உண்மையைப் போட்டு உடைத்தார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். மற்றவை என்ற கட்டத்தின் மேல் என் பேனா நின்றது. அதில் மூன்று பேரை எழுதினால் கதை முடிந்தது.

"நாங்க எதுக்குப் போறோம்?" என்றார் நாத்தனார், எனக்குப் புரியவில்லையே என்ற சலிப்போடு. "இவ வேலைக்குப் போகணும்ல, அதுக்குத்தான் போறோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேன் குலுங்கியதில் எழுத்துக் கோணலாக வந்தது. ஆனால் தெளிவாகத்தான் எழுதினேன். முதல் வரியில் வேலை. இரண்டாவது வரியில் வேலை. மூன்றாவதில் வேலை. நான்காவதிலும் வேலை.