பன்னிரண்டு மணி நேரத்து மண்ணெண்ணெய்

கடற்கரை ஊர் ஒன்றில் மாலை வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்று கான்வென்ட் சிஸ்டர் சொன்னபோது, என்னைக் கேட்கிறார் என்றே நான் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிறார் என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். பிளஸ் டூ முடித்திருந்தால் போதும், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், மாதா கோயில் ஹாலில் இடம், நாலரையிலிருந்து ஆறு மணி வரை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நான் பயத்தில் ஆட்டியதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நான் பூதப்பாண்டிப் பக்கம் வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இரணியலுக்கு வந்த பிறகும் கடல் என்பது வருஷத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒன்றாகத்தான் இருந்தது. இந்த ஊரில் அது ஹாலின் ஜன்னலுக்கு வெளியே கிடந்தது. அலை அடிக்கும்போது என் குரல் எனக்கே கேட்காது. சத்தமாகப் பேசினால் என் சத்தத்துக்கு நானே கூசிப்போவேன். ஹாலின் நீளச் சுவரில் ஆண்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. முன்பொரு புயலில் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்கள். பிள்ளைகள் அந்தப் படங்களுக்குக் கீழேதான் பாய் விரித்து உட்காருவார்கள். கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனவள் நான், ஆனால் அந்தப் படங்களை ஒருநாளும் எண்ணியதில்லை.

புத்தகத்தில் இருக்கிற கணக்கு இந்தப் பிள்ளைகளுக்கு ஏறவில்லை, வீட்டிலும் தெருவிலும் நடக்கிறதை வைத்துச் சொல்லுங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் எனக்குத் தெரிந்ததை வைத்து ஆரம்பித்தேன். ஒரு வயலில் இருபத்து நாலு மூட்டை நெல். ஒரு வண்டியில் ஆறு மூட்டை ஏற்றலாம். எத்தனை வண்டி வேண்டும்?

பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாயாடி, எழுந்து கேட்டாள்.

“டீச்சர், ஒங்க ஊர்ல எல்லாரும் நெல்லத்தான் எண்ணிக்கிட்டே இருப்பாவளா?”

ஹாலே சிரித்தது. மறுநாள் மீனுக்கு மாறினேன். நாலு பேர் வள்ளத்தில் போனார்கள், நாற்பது சூரை பிடித்தார்கள், சமமாகப் பங்கு வைத்தால் ஒருவருக்கு எத்தனை?

“வள்ளத்துக்குப் பங்கு?” என்று ஒரு குரல்.

“இஞ்சினுக்கு?”

“வலைக்கு உண்டுமே டீச்சர்.”

“மொதல்ல கோயிலுக்கு எடுக்கணும். இல்லன்னா சாமியார் ஏசுவாவ.”

எனக்கு வேர்த்துவிட்டது. பத்து என்ற விடையை நோக்கி வந்த கணக்கு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. பிரம்பு எடுக்கவோ அதட்டவோ தெரியாதவள் நான். அதனால் ஒரு சட்டம் போட்டேன். “கணக்குல என்ன சொல்லியிருக்கோ அத மட்டும் பாருங்க. சொல்லாததைச் சேர்க்கக் கூடாது.”

அதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். யாராவது கணக்கை விட்டு விலகினால், மற்றவர்கள் ராகம் போட்டு, “சொல்லாதத சேக்கக் கூடாது” என்று பாடுவார்கள். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. கொஞ்சம் தைரியம்கூட வந்தது. அந்தத் தைரியத்தில்தான், இனி தினமும் ஒரு ஆள் வீட்டிலிருந்து ஒரு கணக்குக் கொண்டு வர வேண்டும் என்று சொன்னேன். குழாய் வெள்ளம் வந்தது, எத்தனை குடம் பிடித்தோம் என்று ஒருத்தி கொண்டு வந்தாள். வீட்டில் ஐந்து பேர், மூன்று முட்டை, அண்ணன் இரண்டைத் தின்றுவிட்டான், மீதிப் பேர் என்ன செய்வார்கள் என்று ஒரு பையன் நிஜமான கோபத்தோடு கேட்டான்.

அன்று நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியின் முறை. முன்பல் விழுந்தவள். பேர் கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிறவளைத்தான் பார்ப்பாள். அவள் தானாக எழுந்து வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே காற்று மாறியிருந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டதால் கொக்கி போட்டுவிட்டு வந்தேன்.

“ஒரு வள்ளத்துல அறுவது லிட்டர் மண்ணெண்ணெய் இருக்கு” என்றாள் மெல்லிய குரலில். “ஒரு மணிக்கூறு ஓடுகதுக்கு அஞ்சு லிட்டர் வேணும். அப்ப எத்தன மணிக்கூறு ஓடும்?”

எவ்வளவு நல்ல கணக்கு என்று நினைத்தேன். அவளையே போர்டில் போடச் சொன்னேன். வகுத்தாள். பன்னிரண்டு வந்தது. சுண்ணக்கட்டியை என்னிடம் நீட்டினாள், சரி போடுவதற்கு.

“எந்த வள்ளம்ட்டி?” என்று வாயாடிப் பெண் கேட்டாள்.

“எங்க அப்பாக்க வள்ளம்.”

“எப்பப் போனாவ?”

“நேத்து. மத்தியானம் மூணு மணிக்கு.”

வாயாடி விரலை மடக்கினாள். மற்றப் பிள்ளைகளும் மடக்கினார்கள். நானும் மனதுக்குள் மடக்கினேன். “அப்ப வெளுப்புக்கு முந்தியே தீந்திருக்குமே” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கும் புரிந்தது போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பா வந்தாச்சா மக்கா?” என்று நான் கேட்டேன்.

“இல்ல டீச்சர். காலைல வந்துருவாவன்னு அம்மா சொன்னாவ. வரல்ல.”

இதைச் சொல்லும்போதும் அவள் போர்டில் இருந்த பன்னிரண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு சரி வேண்டும். விடை சரிதான். ஆனால் அதன் பக்கத்தில் என்னால் சரி போட முடியவில்லை. போட்டால், அந்த வள்ளம் எண்ணெய் இல்லாமல் கடலில் கிடக்கிறது என்று நானே சொன்னதாகிவிடும் என்று தோன்றியது. சுவர்ப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவள் நீட்டிய சுண்ணக்கட்டியை நான் வாங்கவே இல்லை.

நான் சரி போடாததால் கணக்குத் தப்பு என்று நினைத்துவிட்டாள். அழித்துவிட்டு மறுபடி வகுத்தாள். மறுபடியும் பன்னிரண்டு. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ அணைந்தது. பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஓடிவிட்டாள்.

பிள்ளைகளை வாயாடிப் பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். அதுவரை நான் அந்த ஊரில் பஸ் நிறுத்தத்திலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கும் தவிர நடந்ததே இல்லை. வீடுகளுக்கு நடுவே போகிற சந்து நேரே மணலில் கொண்டு விட்டது. வானம் கறுத்திருந்தது. நாலைந்து பெண்கள் காயப்போட்ட நெத்திலியை மழைக்கு முன் அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

“அம்மா, அப்பாக்கு எண்ணெ தீந்துபோச்சு.”

“என்னட்டி சொல்லுகா?”

“வெளுப்புக்கு முந்தியே தீந்துபோச்சு.”

அம்மா நிமிர்ந்துவிட்டாள். “யாரு சொன்னா? யாராவது போன் பண்ணினாவளா?”

“கணக்கு போட்டோம்.” அவள் என்னைக் கைகாட்டினாள்.

அத்தனை பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. அறுபது லிட்டர், மணிக்கு ஐந்து என்று திக்கித் திக்கிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஒரு மூத்த பெண் சிரித்துவிட்டாள்.

“நல்ல கணக்கு! டீச்சருக்க வள்ளம் இஞ்சின அணைக்காமலே ஓடும் போல. நாகர்கோவில் பஸ்ஸா அது?”

அம்மாவும் மூச்சு விட்டுச் சிரித்தாள். எனக்காக நிதானமாகச் சொன்னாள். “போவும்போ ஓட்டுவாவ டீச்சர். வலைய விட்டாச்சுன்னா இஞ்சின அணைச்சிருவாவ. வள்ளமும் வலையும் நீரோட்டத்துல அதுபாட்டுக்கு ஒழுகிக்கிட்டுக் கெடக்கும். வெளுத்த பொறவு வலைய இழுத்து வாங்கிக்கிட்டு மறுபடி ஓட்டுவாவ. போவ வர சேத்தாலும் பாதி எண்ணெகூட ஆவாது.” மகள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். “இது ஒனக்குத் தெரியாதாட்டி?”

“தெரியும்” என்றாள் அவள் அழுதுகொண்டே. “கணக்குல சொல்லல்லியே. சொல்லாதத சேக்கக் கூடாதுல்லா.”

மறுபடி சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. பயம் இறங்கிய வேகத்தில் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களிடம் நான் கேள்வியே கேட்கிறவள் இல்லை.

“அப்போ எண்ணெய் பாக்கி இருக்கும். பிறகு ஏன் இன்னும் வரல்ல?”

சிரிப்பு நின்றுவிட்டது.

“மீன்பாடு இல்லன்னா கொஞ்சம் நேரங்கூடக் கெடப்பாவ” என்றாள் அம்மா. சாக்கின் வாயைக் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டு, “கிட்டாது, அவ்வளவு தூரத்துக்குக் கிட்டாது” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு மகளிடம், “மூணு கேன்தான் ஏத்தினாவளா, நாலு ஏத்தினாவளா? நீதான கூடப் போனா?” என்று கேட்டாள். “மூணு” என்றாள் மகள். அம்மாவின் விரல்கள் சேலைத் தலைப்புக்குள் எதையோ எண்ணுவதைப் பார்த்தேன். காலையிலிருந்து அவளிடம் இல்லாத கணக்கு அது. நான் கொண்டுவந்து கொடுத்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

மழை விழ ஆரம்பித்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளைகளும் ஹாலைப் பூட்டிவிட்டு வந்து, தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். மேட்டில் என் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அந்தச் சின்னப்பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கத் தைரியம் வரவில்லை. கடலைப் பார்க்கப் பயமாக இருந்ததால் அவளுடைய வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறையில் நின்ற ஒருவர் கையைத் தூக்கினார். “வருது! நீல வள்ளம்தான்!” அம்மா அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் எனக்கும் இஞ்சின் சத்தம் கேட்டது. போனவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வந்திருந்தார்கள். வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு அப்பா முகத்தைத் துடைத்தார்.

“கப்பலு வலைய அறுத்துக்கிட்டுப் போயிட்டு” என்றார். “காலைலேந்து முறிஞ்சத தேடி அலைஞ்சோம். பாதிகூடக் கிட்டல்ல.”

மகள் அவரிடம் போகவில்லை. நேரே வள்ளத்துக்குள் ஏறினாள். கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஆட்டினாள். முதல் கேனில் சத்தம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைக் காதோடு வைத்துக் கேட்டாள்.

“ஏய், என்னட்டி செய்யுகா அங்க?”

“கொஞ்சமா இருக்கு” என்றாள் அவள், என்னைப் பார்த்து.

சிரித்த அந்த மூத்த பெண் கேனை வாங்கித் தானும் ஆட்டிப் பார்த்தாள். ஒரு குவளை இருக்கலாம். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். என் கணக்கும் தப்பு, கரையில் இருந்தவர்களின் கணக்கும் தப்பு. கப்பல் யாருடைய கணக்கிலும் இல்லை. அம்மா புருஷனைத் திட்ட ஆரம்பித்தாள், வலை போன கதையைக் கேட்காமலே. அவர் ஒன்றும் புரியாமல், “யாரு இவங்க?” என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

“கணக்கு டீச்சர்” என்றாள் அம்மா.

அன்று அவர்கள் வீட்டுப் பக்கத்து ஆட்டோவில் என்னை ஏற்றி அனுப்பினார்கள். வழியெல்லாம் மணிக்கு ஐந்து லிட்டர், ஒரு குவளை எத்தனை நிமிஷம் என்று மனது வகுத்துக்கொண்டே வந்தது. நிறுத்த முடியவில்லை.

மறுநாள் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். போகாவிட்டால் சிஸ்டர் வீட்டுக்கு வருவார் என்ற பயத்தில் போனேன். போர்டில் அந்தப் பன்னிரண்டு அப்படியே இருந்தது. யாரும் அழிக்கவில்லை. பிள்ளைகள் என்னிடம் கேட்காமலே ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். அதை வாயாடிப் பெண் எழுந்து அறிவித்தாள். “டீச்சர், கரைக்கு வந்த வள்ளத்துக்குத்தான் இனி கணக்கு போடணும்.”

இப்போதும் அந்த வகுப்பு நடக்கிறது. சொல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்வதில்லை. என்னென்ன சொல்லாமல் விட்டிருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். வள்ளத்தின் பங்கு, கோயிலின் பங்கு, இஞ்சினை அணைக்கிற நேரம் எல்லாவற்றையும் அவர்கள் சொல்லச் சொல்லப் போர்டில் எழுதுகிறேன். சில நாள் ஒரு கணக்கிலேயே வகுப்பு முடிந்துவிடும்.

போன வாரம் அந்தச் சின்னப்பெண் மறுபடி ஒரு கணக்கோடு எழுந்தாள். இப்போது பல் முளைத்துவிட்டது. வலை, கண்ணி, நீளம் என்று ஆரம்பித்தாள்.

“அப்பா வந்தாச்சா மக்கா?” என்றேன்.

“இல்ல டீச்சர். தொழிலுக்குப் போயிருக்காவ.”

“அப்ப இரு” என்று வாயாடிப் பெண்ணின் தங்கை, இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவள், அதட்டினாள். சின்னப்பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் முட்டைக் கணக்குப் போட்டோம். ஜன்னல் திறந்திருந்தது. ஆறு மணி வரை நான் வெளியே பார்க்காமல் இருந்தேன்.