கப்பலில் வந்த பெரியம்மா

போன வாரம் பூனைக்கு ஊசி போட மிருக வைத்தியரிடம் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். அவள் மடியில் கம்பளிப் பொதி போல ஏதோ ஒன்று. பொதி திடீரென்று காதைத் தூக்கியது. ஆட்டுக்குட்டி அளவு முயல்!

"பயப்படாதீங்க பாட்டி, ஃபிளெமிஷ் ஜெயண்ட். பெல்ஜியம் ஜாதி முயல்" என்றாள்.

நான் பயப்படவில்லை. அதன் உடம்பிலிருந்து வந்த ஈரத் தவிட்டு வாசனை என்னை ராயபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம், கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் அங்கே தவிடு, பிண்ணாக்கு, கொள்ளு விற்றார். ஜட்கா குதிரை வண்டிக்காரர்கள்தான் முக்கிய வாடிக்கை. கடைக்குப் பின்னால் வீடு. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்திறங்கிய எனக்கு அந்தத் தெருப் பேச்சு பாதி புரியாது. ஆனால் புரிந்த மாதிரி தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

ஒருநாள் துறைமுகப் படகுக்காரர் ஆரோக்கியம் ஒரு வெள்ளைக்கார மாலுமியோடு கடைக்கு வந்தார். மாலுமியின் கூடையில் சாம்பல் நிற முயல். கப்பலின் சூட்டில் தீனி எடுக்காமல் வாடியிருந்தது.

"சும்மா தான் குடுக்கறாரு, வச்சிக்கோ அண்ணாச்சி. கப்பல்ல கீற சூட்ல செத்துப்பூடும்" என்றார் ஆரோக்கியம்.

மாலுமி பெல்ஜியத்துக்காரர். அவருடைய உடைந்த ஆங்கிலமும் என் வீட்டுக்காரரின் மிஷன் பள்ளி ஆங்கிலமும் எப்படியோ ஒட்டிக்கொண்டன. அவர் ஊர்ப்பக்கத்துக் குடியானவர்கள் தாத்தாவுக்குத் தாத்தா காலம் முதல் இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கும் ஜாதியாம். ஒவ்வொரு ஈற்றிலும் பெரிய குட்டிகளையே இனத்துக்கு நிறுத்தி இந்த அளவுக்குக் கொண்டுவந்தார்களாம். என் உள்ளங்கையைவிட நீளமான காது. பெட்டை என்பதால் தாடைக்குக் கீழே தடித்த மடிப்பு. கடைத் தராசில் ஏற்றினால் ஐந்து வீசைக் கல்லுக்கும், இன்றைய கணக்கில் ஏழு கிலோவுக்கும், அதன் தட்டு எழும்பவில்லை.

எதிர்வீட்டு மீன்காரி ரோஸி கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள். "இன்னாம்மா இது, முயலா கண்ணுக்குட்டியா? தெருவுக்கே கொழம்பு வைக்கலாமே!"

பெரியம்மா என்று பேர் வைத்தவளும் அவளே. பேர் பொருந்திப்போனது. தெருநாய் குரைத்தால் முயல் ஓடாது; சாப்பாட்டுக்குப் பின் சாய்ந்த கிழவி போல ஒருமுறை திரும்பிப் பார்க்கும். நாய்தான் யோசித்துக்கொண்டே போய்விடும்.

என் வீட்டுக்காரருக்கு வியாபார மூளை. "ஏட்டி, இதைப் பெருக்கிட்டா ஓட்டல்காரன் பூரா நம்ம வாசல்லதான் நிப்பான்" என்றார். ஆனால் சோடிக்கு எங்கே போவது? மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கிடா முயல் வந்தது. பெரியம்மா பக்கத்தில் அது பிள்ளை மாதிரி நின்றது. இருந்தாலும் குட்டிகள் பிறந்தன. ஞாயிறு தவறாமல் கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அவற்றை நிறுப்போம். தெருவே எட்டிப் பார்க்கும். சில மாதத்தில் வளர்ச்சி நின்றது. அப்பனைவிடப் பெரிது, அம்மாவில் பாதி.

"தீனி பத்தலையோ?" என்று அவர் மேலும் தவிடு அள்ளிப்போட்டார். குட்டிகள் கொழுத்தன; பெரிதாகவில்லை. மாலுமி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ தலைமுறையாகச் சேர்த்த உடம்பு அது; தவிட்டால் வராது. ஓட்டல் கனவு கலைந்ததில் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

அந்த அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் பெரியம்மா வாயைத் திறந்தபடி சரிந்து கிடந்தாள். தண்ணீர் இறங்கவில்லை. வீட்டுக்காரர் குதிரை வைத்தியரைத் தேடி ஓடினார். நான் விசிறிக்கொண்டே அழுதேன். சத்தம் கேட்டு வந்த ரோஸி தன் கூடை மீனைத் தரையில் கொட்டி, அடியிலிருந்த ஐஸை அள்ளிச் சாக்கில் சுற்றினாள்.

"அழுவாத. காதாண்ட வை. காது தான் கொதிச்சிகினு கீது."

விற்க வேண்டிய மீன் வெயிலில் கெட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் பெரியம்மா முள்ளங்கி இலை ஒன்றை மெல்லக் கடித்ததும் ரோஸிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பேஜாரு பண்ட்டியே பெரியம்மா!" என்று திட்டினாள். அப்புறம் அவள் வாயில் குழம்புப் பேச்சே வரவில்லை.

அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்து, மூப்பில்தான் பெரியம்மா போனாள். குட்டிகள் கொருக்குப்பேட்டை வரைக்கும் பரவின. பல வருஷம் கழித்து அங்கே ஒரு ரயில்வே தொழிலாளி வீட்டில் சின்ன வெள்ளை முயல் ஒன்றைக் காட்டினார்கள்.

"கப்பல்ல வந்த ஜாதிம்மா இது. இன்னும் வளரும்" என்றாள் அந்த வீட்டுக்காரி.

அது முழுதாக வளர்ந்த முயல். நானும் "வளரும்" என்றேன்.

இப்போது ஜட்காக்கள் இல்லை, தவிட்டுக் கடை இல்லை. ரோஸியும் என் வீட்டுக்காரரும் இல்லை. வடசென்னையில் ஏதோ ஒரு வீட்டு முயலின் உடம்பில் பெரியம்மாவின் துளி இன்னும் ஓடலாம். அதைப் பார்த்து அடையாளம் சொல்லத்தான் என்னை விட்டால் ஆளில்லை.