சிக்னல் பார்த்துச் சொல்லும் வேலை

எங்கள் வீட்டில் சண்டை என்றால் கத்துவது கிடையாது. பேச்சு நின்றுவிடும். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். ஒவ்வொரு முறையும் முதலில் பேசியவள் நான். டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் இந்த வீட்டை வாங்கியபோதும், பையனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று வந்தபோதும், நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நான்தான் "சாப்பிட வாங்க" என்று போய் நின்றேன். அதோடு விஷயம் அவர் சொன்னபடி முடிந்துவிடும்.

தொண்ணூற்றெட்டில் நான் போய் நிற்கவில்லை.

அந்த வருடம் என் கணவருக்குக் கலிபோர்னியாவில், பே ஏரியாவில், ஒரு புதிய கம்பெனியில் வேலை கிடைத்தது. ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "டிசம்பருக்குள்ள மூவ் பண்றோம். வீட்ட மார்க்கெட்ல போட்டுடலாம்."

"என் வேலை?" என்றேன்.

"அது ஒரு வேலையா? அங்கயும் ஸ்கூல் இருக்கும். போய் சோறு போடு."

நான் பக்கத்துப் பள்ளியின் கேன்டீனில் வேலை பார்த்தேன். தலைக்கு வலை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளின் தட்டில் மக்காச்சோளமும் சிக்கன் துண்டும் வைக்கும் வேலை. பிள்ளைகள் விரலால் காட்டுவார்கள், நான் வைப்பேன். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. ஊரில் பத்தாவது படிக்கும்போது வாத்தியார் "சத்தமா வாசி" என்றால் இருக்கிற குரலும் போய்விடும். அந்தக் கேன்டீனில் மட்டும்தான் அது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கல்லாவில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்கா வந்து இத்தனை வருடத்தில் எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், அப்புறம் அவரோடு பேசவில்லை.

முன்பெல்லாம் சண்டைக் காலத்தில் பையன்தான் எங்களுக்குத் தபால்காரன். "உங்கப்பாகிட்ட சொல்லு", "உங்கம்மாகிட்ட கேளு" என்று அவன் வழியாகவே எல்லாம் நடக்கும். அவன் படிக்கப் போய்விட்டதால் என் கணவர் ஃபிரிட்ஜோடு பேச ஆரம்பித்தார். கதவைத் திறந்து உள்ளே பார்த்து, "பால் தீந்துடுச்சு போல" என்பார். நான் பால் வாங்கி வந்து அதே ஃபிரிட்ஜில் வைப்பேன்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. புதிய கம்பெனிக்கு ஒரு திங்கட்கிழமை முடிவாகப் பதில் சொல்ல வேண்டும். டெக்சாஸில் வீட்டை விற்க மனைவியின் கையெழுத்தும் வேண்டும் என்று அவருக்கு யாரோ சொன்ன பிறகுதான் என் மௌனம் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உடனே நியூ ஜெர்சியிலிருந்து தன் அக்காவை வரவழைத்தார்.

என் நாத்தனார் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு டாக்டரின் மனைவி. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததுமே, "என்ன அம்மிணி, ஊமை நோன்பாமா?" என்றார். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, அலுவலகத்து நண்பர் ஒருவரின் ஆர்.வி.யை இரவல் வாங்கிக்கொண்டு எங்கள் இருவரையும் ஆஸ்டின் பக்கம் ஒரு ஏரிக்கரைக்கு ஓட்டிப் போனார். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கிற பேருந்து போன்ற வண்டி. வெளியூரில் நாலு சுவருக்குள் அடைத்தால் எப்படியும் நான் வாயைத் திறப்பேன் என்பது அவர்களுடைய கணக்கு.

அன்றைக்குக் கனடாவில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடும் கிரிக்கெட் மேட்ச் இருந்தது. பகல் ஆட்டம். அதை விட மனம் வராமல், எங்கள் வீட்டுக் கூரையிலிருந்த சின்ன டிஷ்ஷைக் கழற்றி, ஒரு முக்காலியில் பூட்டிக் கொண்டு வந்திருந்தார். ஊரின் ஜிப் கோடை, நம் ஊர் பின்கோடு மாதிரியான எண்ணை, டிவியில் போட்டால் டிஷ்ஷை எந்தத் திசையில் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று டிவியே காட்டும். அதற்குப் பிறகு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே டிஷ்ஷைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் உள்ளே டிவியில் சிக்னல் எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திருப்பிய பிறகு எண் மாற இரண்டு மூன்று விநாடி ஆகும். ஒரு விரல்கடை திருப்பி, நின்று, கேட்டு, மறுபடி ஒரு விரல்கடை திருப்ப வேண்டும்.

வண்டியைச் சுற்றி ஓக் மரங்கள். டிவி காட்டிய தென்மேற்குத் திசையில் கொஞ்சம் வானம் தெரிந்த இடம் வண்டியின் பின்பக்கம்தான். அவர் வெயிலில் அங்கே மண்டியிட்டார்.

"அக்கா, நம்பர் பாத்து சொல்லு!"

"நான் கண்ணாடி கொண்டாரலடா. எனக்குத் தெரியாது. இவ சொல்லட்டும்."

வெளியே முக்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அவ உன்கிட்ட சொல்லட்டும், நீ எனக்குச் சொல்லு" என்றார்.

நான் முன்பக்கம் டிவி எதிரே உட்கார்ந்தேன். அண்ணி பின்பக்கக் கட்டிலில் ஏறி ஜன்னல் வலையில் வாயை வைத்துக்கொண்டார். ஏ.சி. லாரி போல இரைந்தது.

"பன்னெண்டு" என்றேன்.

"என்னது? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பன்னெண்டு அண்ணி."

"டேய், பன்னெண்டாம்! எனக்கே கேக்கல, உனக்கு எங்க கேக்கப் போகுது!"

"இப்போ?"

"முப்பத்தி மூணு."

"முப்பத்தி மூணுங்கறா! ஏன்டா, கலிபோர்னியா வீட்ல மாடி இருக்கா? இவள மேல விட்டுட்டு நீ கீழ நின்னு கேட்டா விளங்கிரும்!"

இதைச் சொல்லி அவர் சிரித்து முடிப்பதற்குள் எண் அறுபதைத் தாண்டியது. நான் அறுபத்தெட்டு என்றேன். அண்ணி அதை ஒப்பிப்பதற்குள் என் கணவர் டிஷ்ஷைத் திருப்பிவிட்டார். மறுபடி ஒன்பது.

"அறுபத்தெட்டாம்டா!"

"எப்போ? இப்போவா?"

"இப்போ ஒம்பதாம்!"

"அக்கா, வந்தவுடனே சொல்லுக்கா!"

"அவ எனக்கு வந்தவுடனே சொன்னாத்தானே! எல்லாம் வயித்துக்குள்ளயே வச்சுக்கறா. வீட்ட விக்கற பேச்ச விடற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சபதம் போல. கையெழுத்தப் போட்டுட்டு அப்பறம் ஊமையா இரேன் அம்மிணி, யார் வேண்டாம்னா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே அரை மணி நேரம் போயிருக்கும். மேட்ச் ஆரம்பித்துவிட்டது. நடுவில் அவர் மண்டியிட்ட இடத்தில் செவ்வெறும்புப் புற்று இருந்திருக்கிறது. முட்டியைத் தட்டிக்கொண்டு அவர் குதித்தது திறந்திருந்த கதவு வழியே கேட்டது. அண்ணி, "எனக்குத் தொண்டை கட்டிடுச்சு. குளிச்சிட்டு வந்துடறேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் இருந்த பொதுக் குளியலறைக்குப் போய்விட்டார். தம்பியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

உள்ளே நான் மட்டும்.

டிவியில் சிக்னல் எண்ணுக்குக் கீழே இருந்த சிவப்புக் கோடு நகர ஆரம்பித்தது. நாற்பது. ஐம்பத்தைந்து. எழுபது. சிக்னல் கிடைத்துக் கோடு பச்சையானது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது. மறுபடி சுற்றி வந்தார். மறுபடி பச்சை. சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நன்றாகவே இருந்தது.

"என்ன வருது?" என்றார் வெளியிலிருந்து. நான் பேசாமல் இருந்தேன்.

அப்போது ஜன்னலை அவர் உள்ளங்கையால் அடித்த சத்தம் கேட்டது. "வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்! மனுஷன் வெயில்ல சாகறேன்!"

அவர் பேசிவிட்டார். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவர் முதலில் பேசியிருக்கிறார். நான் எழுந்து கட்டில் பக்கம் போய், "எழுபத்தஞ்சு. விட்டுடுங்க, நகத்தாதீங்க" என்றேன்.

படம் வந்தது. அவர் உள்ளே வந்து, டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டி முழுக்கத் தேடினார். "அக்கா எங்க?" என்றார். சட்டென்று முகம் மாறிச் சிரித்தார். கதவருகே போய், ஈரத்தலையோடு வந்துகொண்டிருந்த அண்ணியிடம், "அக்கா, பேசிட்டா! அவளேதான் முதல்ல பேசினா!" என்றார்.

"அப்படிப் போடு" என்றார் அண்ணி.

"நீங்கதான் முதல்ல பேசினீங்க" என்றேன்.

"நான் அக்கானு நெனச்சுக் கேட்டேன். வெளிய இருந்து பாத்தா அந்த வலைக்குள்ள யாருன்னு தெரியுதா? உன்கிட்ட நான் ஏன் பேசறேன்? சரி, முடிஞ்சது. திங்கக்கிழமை ஓகே சொல்லிடறேன்." சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அண்ணி தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். "இரு இரு. என்னனு கேட்ட?"

"என்ன வருதுன்னு கேட்டேன்."

"வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்னு கேட்டார்" என்றேன். "ஜன்னல அடிச்சாரு."

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "என்னையா? என்னையாடா தொலையேன்னு சொன்ன? அப்பா கூட என்னை அப்படிச் சொன்னதில்ல. எங்கிட்ட சொல்லியிருந்தா செருப்பு பிஞ்சிருக்கும்."

"உன்ன இல்லக்கா..."

"பின்ன யார?"

எனக்காக அண்ணி கேட்டதாக நினைக்க வேண்டாம். என்னை அவருக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. தம்பி தன்னை அப்படிப் பேசியதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு என் கணவர் வாயடைத்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"சரி, உன்கிட்டதான் பேசினேன்னே வச்சுக்க" என்றார் என்னைப் பார்க்காமல். "அதனால என்ன இப்ப?"

நான் சொன்னேன். டிவியில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார். நான் அதே குரலில் மறுபடி சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. என்னால் அதற்கு மேல் சத்தம் போட முடியாது. போடவும் இல்லை, காத்திருந்தேன். கடைசியில் அவரே ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை முழுக்க நிறுத்தினார்.

"நான் வரலைங்க. கையெழுத்தும் போட மாட்டேன். நீங்க போறதுன்னா போங்க. நான் கேட்டியில இருந்துக்கறேன், வேலைக்குப் போய்க்கறேன்."

"திமிரப் பாரு" என்றார் அண்ணி. என் கணவர் சத்தமில்லாத மேட்சைப் பார்த்துக்கொண்டே முட்டியில் எறும்பு கடித்த இடத்தைச் சொறிந்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. பேசாமல் இருப்பதில் இனி அவருக்கு ஒரு லாபமும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை சமையலறையில் நின்றுதான் போன் பண்ணினார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஊர் மாற முடியாத நிலைமை என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலைக்கு மாட்டும் வலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு நேரமாகியிருந்தது.

அதை அவர் மன்னிக்கவில்லை. அந்த வாரம் டிஷ்ஷைத் திரும்பக் கூரையில் பொருத்தியபோது, உள்ளே நின்று எண்ணைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிடவில்லை. காசு கொடுத்து ஒரு ஆளை வரவழைத்தார். அந்த ஆள் கூரை மேல் நின்றுகொண்டு, "கேன் சம்படி வாட்ச் த டிவி?" என்று கேட்டான். என் கணவர் ஏணியடியில் நின்றபடி, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, தானே உள்ளே ஓடி எண்ணைப் பார்ப்பதும், வெளியே ஓடிவந்து கத்துவதுமாக இருந்தார். நான் ஹாலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.