பஸ்ஸில் மேடே சொன்னால் இதுதான் கிடைக்கும்

சிறிய விமானம் ஓட்டும் உரிமத்துக்கு நாளை எனக்கு எழுத்துத் தேர்வு. சிங்கப்பூரில் தேக்கா போகும் வழியில், பஸ்ஸின் மேல்தளத்தில் உட்கார்ந்து, ஆபத்து நேரத்தில் வானொலியில் சொல்ல வேண்டியதை வாய்விட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

"மேடே, மேடே, மேடே. இன்ஜின் ஃபயர். டூ பெர்சன்ஸ் ஆன் போர்ட்."

பின்னாலிருந்து ஒரு முழங்கை என் கழுத்தை வளைத்தது. முகம் ஜன்னல் கண்ணாடியில் மோதியது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"பஸ்ஸுக்கு நெருப்பு வைக்கப் பாக்கறியா? ரெண்டு பேருன்னியே, இன்னொருத்தன் எங்கடா?" என்று கத்தினார், கப்பல் பட்டறைச் சீருடையில் இருந்த ஓர் அண்ணன்.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பிடி இறுகியது.

"விட்றாதீங்க லா!" என்று பக்கத்து ஆன்ட்டி குடையால் என் முதுகில் நாலு போட்டார்.

மூச்சு முட்டியபோது, கீழே விழுந்திருந்த பாடப்புத்தகத்தைக் காலால் தள்ளிக் காட்டினேன். சரஸ்வதி மன்னிக்கட்டும். அட்டையில் இருந்த விமானத்தைப் பார்த்ததும் அண்ணன் கையை எடுத்தார்.

"பைலட்டுக்குப் படிக்கிறீங்களா? சாரி தம்பி. நெருப்புன்னு இவ்ளோ கூலாவா சொல்வாங்க?"

"பதறக்கூடாதுன்னுதான் டிரெயினிங்ணே."

டிஷ்யூ கொடுத்தார். ஆன்ட்டி ஓங்கிய குடையை இறக்கவே இல்லை.

புத்தகத்தை எடுத்தேன். திறந்த பக்கத்தில் நானே மஞ்சள் அடித்த வரி: 'ஆபத்தில் முதலில் விமானத்தைக் கட்டுக்குள் கொண்டுவா. பிறகு வழியைப் பார். பேசுவது கடைசி.'

நான் பேச்சில் ஆரம்பித்தேன்.

நாளை இந்தக் கேள்வி வந்தால் முழு மதிப்பெண். வினாத்தாள் பக்கம் கழுத்து திரும்புமா என்பதுதான் சந்தேகம். நல்ல தைலம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.